இருபத்துமூன்றாம் எண் பட்டை

வியாழக்கிழமை காலை 6.24. முதலில் கண்ணில் பட்டது ஒரு பெண்ணின் மணிக்கட்டு. அதில் கறுப்பு ரப்பர் பட்டை. பட்டையின் ஓரத்தில் நகத்தளவு வெள்ளை ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் பேனாவால் எழுதிய எண் 17.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அதே மாதிரிப் பட்டை என் கையிலும் இருந்தது. மணி பார்த்தது அதில்தான். என் பட்டையிலும் ஸ்டிக்கர் உண்டு. எண் 23. கடைக்காரர் ஒட்டியது என்று ஒரு மாதத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடம், அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் சின்ன முருகன் கோயிலின் பிராகாரம். அன்றைய அறுபத்தோராவது சுற்று. முருகன் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த உதவி நான் ஏமாந்த கதைக்குள்தான் இருக்கிறது. அதனால் அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. மர்பி டவுனில் வீடு. ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் இருபத்தாறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்தியில் பெயர், வயது, தெரு, நேரம் எல்லாம் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. இப்போது வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். மூன்று வருடமாகச் சர்க்கரை வியாதி. மனைவி மல்லிகா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒரே மகள் நிவேதா. அப்போது எம்.பி.பி.எஸ். முதல் வருடம். கல்லூரி ஊரின் இன்னொரு கோடியில் இருப்பதால் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை மாலை வருவாள், ஞாயிறு மாலை போவாள்.

தீபாவளி முடிந்த வாரம் ஒருநாள் போனில் அழுதாள்.

"முடியலப்பா. காலைல படிச்சது மத்தியானம் நிக்க மாட்டேங்குது. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு ஒரு வாட்டி படிச்சா சொல்லிடறா. நான் ஆறு வாட்டி படிக்கிறேன்."

பள்ளியில் அவள் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கோயிலுக்குப் போனேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் நூற்றெட்டுச் சுற்று என்று நேர்ந்துகொண்டேன். சன்னதியில் நின்று வேண்டிய வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது: 'நான் நடக்கிற ஒவ்வொரு அடியும் அவள் பேரில் சேரட்டும்.'

சுற்றுகளை எண்ணப் புளியங்கொட்டை. சட்டையின் வலது பையில் நூற்றெட்டு. சுற்று முடிய முடிய ஒன்றை எடுத்து இடது பையில் போட வேண்டும். ஒரு சுற்றுக்கு எழுபத்திரண்டு அடி. 5.40-க்குத் தொடங்கினால் ஏழு மணிக்குச் சற்று முன் முடியும்.

வேண்டுதலைப் பற்றி மல்லிகா மகளிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை நிவேதா வந்ததும் வராததுமாக என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கைய நீட்டுங்க."

"என்னடி இது?"

"நடக்கறத எண்ணும். தினமும் ஒரு மணி நேரம் நடந்தா உங்க சுகர் குறையும். இத மட்டும் கழட்டவே கூடாது. தூங்கும்போதுகூட."

"எவ்வளவு ஆச்சு?"

"ஐயோ, அதெல்லாம் கேக்காதீங்க. வாரா வாரம் நானே வந்து சார்ஜ் போட்டுத் தரேன்."

அவள் பட்டையை மாட்டிவிட்டபோது விரல்கள் குளிர்ந்திருந்தன. கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் டாக்டர் ஆகவில்லை, அதற்குள் அப்பாவின் சர்க்கரையை நினைக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் பார்த்த எல்லாரிடமும் கையை நீட்டிக் காட்டினேன். கோயில் வாசலில் பூ விற்கும் சரோஜாம்மா என்னை விடவில்லை.

"இன்னா சார், ஒரு பையில புளியங்கொட்ட, ஒரு கையில கம்ப்யூட்டரு? முருகன் எண்றது மேல டவுட்டா?"

"எம் பொண்ணு வாங்கிக் குடுத்தது சரோஜாம்மா. டாக்டருக்குப் படிக்கிறா."

"அப்ப சரி. பொண்ணே எண்ணிக்கட்டும்."

சனிக்கிழமைதோறும் வந்தாள். பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போவாள். அரை மணி நேரத்தில் திருப்பித் தருவாள். போன சனிக்கிழமை மட்டும் வரவில்லை. "இன்டர்னல் இருக்கு, விடுதியிலயே படிக்கிறேன்" என்று செய்தி அனுப்பினாள். சரி என்று பதில் போட்டேன்.

இப்போது வியாழக்கிழமை 6.24-க்கு வருகிறேன். சன்னதி முன்னால் நின்றிருந்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். தோளில் புத்தகப் பை. என் மகள் கொடுத்ததைப் போலவே இன்னொன்று கண்ணில் பட்டதும் பேச்சுக் கொடுக்கத் தோன்றியது.

"இது எங்கம்மா வாங்குன? எம் பொண்ணும் இதே மாதிரி எனக்கு வாங்கிக் குடுத்திருக்கா."

"வாங்கறதா? இது கடையில கிடைக்காது அங்கிள். எங்க காலேஜ்ல குடுத்தது. ஃபிசியாலஜில ஒரு ஸ்டடி பண்றாங்க. நாங்க எவ்ளோ நடக்கறோம், எவ்ளோ ஸ்ட்ரெஸ்ஸு, மெமரி எப்படி இருக்குன்னு." சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இருபத்துமூணு. இது நிவேதா நம்பராச்சே. நீங்க... நிவேதா அப்பாவா?"

ஆமாம் என்றேன். பெயர் சிந்து என்றாள். நிவேதாவின் வகுப்பு. வீடு அல்சூர் மார்க்கெட் பக்கம். அன்று இன்டர்னல் தேர்வு என்பதால் கும்பிட வந்திருக்கிறாள். என் பட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நிவிக்கு ஜுரம் எப்படி இருக்கு அங்கிள்?"

"ஜுரமா?"

"பதினோரு நாளா கிளாஸுக்கு வரல. வீட்டுக்குப் போறேன்னு குரூப்ல போட்டா. நீங்க... அவ வீட்ல இல்லயா?"

வீட்டில் இல்லை. எங்களிடம் விடுதி என்றாள். வகுப்பில் வீடு என்றாள். இரண்டு இடத்துச் செய்தியை ஒப்பிட்டுப் பார்ப்பது பத்திரிகையில் முதல் வாரம் சொல்லித் தரும் பாடம். நான் ஒப்பிடவே இல்லை.

சிந்து இன்னும் கொஞ்சம் சொன்னாள். தினமும் நடந்த அடிகளின் எண்ணிக்கையில் நிவேதாதான் வகுப்பில் முதலிடமாம். "நாங்க கிண்டல் பண்ணுவோம் அங்கிள். எப்பப் பாத்தாலும் ரூம்லதான் உக்காந்திருக்க, எப்படி நடக்குற, கனவுலயான்னு." ஞாபகச் சோதனையில் நிலைமை நேர்மாறு. எண்களைக் காட்டி மறைத்துவிட்டுக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதல் தடவை ஆறு எண் சொன்னவள் கடைசித் தடவை மூன்றில் நின்றுவிட்டாள். நன்றாக நடக்கும் 23-ஆம் எண்ணுக்கு ஏன் இப்படி, பட்டை பழுதோ என்று ஆய்வு நடத்தும் மேடம் சந்தேகப்பட்டாராம்.

நான் சன்னதியைத் திரும்பிப் பார்த்தேன். நான் நடந்த ஒவ்வொரு அடியும் அவள் பேரில் சேர்ந்திருந்தது. வேண்டியது வேண்டியபடியே. இப்படியா கேட்டேன் என்று வாய்க்குள் சொன்னது நினைவிருக்கிறது. அன்று கும்பிடாமல் வெளியே வந்தேன். வலது பையில் நாற்பத்தேழு கொட்டை, இடது பையில் அறுபத்தொன்று.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெட்ரோவில் ஏறினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவே, நெற்றியில் விபூதியோடு நான். வழி முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன்: 'என்னை ஏமாத்துனது இருக்கட்டும், நான் நடந்த நடையையே திருடிட்டியே.' இறங்கி ஆட்டோ பிடித்தபோது அந்த வாக்கியம் இன்னும் நீண்டிருந்தது.

விடுதிக் காப்பாளர் கன்னடக்காரர். மகளுக்கு ஜுரமா என்று நான் கேட்டதும் குழம்பினார். "அவ ரூம்மேட் அம்மை போட்டு ஊருக்குப் போய்ட்டா சார். இவ ரூம்லதான் இருக்கா. மெஸ்ஸுக்குச் சரியா வரல. கேட்டா ஓதுத்தாயிதினி, படிச்சிட்டிருக்கேன்னு சொல்றா. படிக்கற பொண்ணைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன்." அவரே சாவி கொண்டுவந்தார். அப்போது மணி 8.05.

வெளியே நல்ல வெயில். அறையில் ஜன்னல் மூடியிருந்தது, விளக்கு எரிந்தது. சுவரில் வரிசையாக ஒட்டிய காகிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே நரம்பின் படம். மேசையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு மாத்திரை அட்டை. கட்டிலில் நிவேதா, மடியில் புத்தகத்தோடு. உதடு வெடித்திருந்தது. விரல்கள் நிற்காமல் ஆடின. என்னைப் பார்த்ததும் ஆச்சரியமே இல்லாமல் கையை நீட்டினாள்.

"சனிக்கிழமையாப்பா? பேண்ட் குடுங்க. போன்ல ஏத்திட்டுத் தரேன்."

தயார் செய்த வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை. "இன்னிக்கு வியாழக்கிழமைம்மா" என்றேன். அவள் அதைப் புரிந்துகொள்ள முயன்றாள். முடியவில்லை. மடியிலிருந்த புத்தகம் தலைகீழாக இருந்தது.

நானும் காப்பாளரும் அவளைப் பிடித்துக் கீழே இறக்கினோம். மாத்திரை தூக்கம் வராமலிருக்க. மேல் வகுப்பில் யாரோ கொடுத்தது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு உடனே படுக்க வைத்தார்கள். எத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. டாக்டர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவத்தே கர்க்கொண்டு பந்தித்து ஒள்ளேதாயித்து." இன்றைக்கே அழைத்து வந்தது நல்லதாயிற்று.

மத்தியானம் மல்லிகா வந்தாள். மகளைப் பார்த்துவிட்டு வெளி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதபடி ஒன்று சொன்னாள்.

"மொத இன்டர்னல்ல அவ மூணு பேப்பர்லயும் போயிட்டா. எனக்குத் தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே. உங்க கிட்ட சொன்னா சுகர் ஏறிடும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சோம்."

வீட்டில் இரண்டு பேரும் என்னிடம் பொய் சொன்னார்கள். இருவருமே என் சர்க்கரையைக் காரணம் காட்டினார்கள். தேறிவிடுவாள் என்று நான் முருகனிடம் சொல்லிக்கொண்டு சுற்றிய நாள்களில், அவள் தோற்றுவிட்டது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முருகனுக்கும் தெரிந்திருக்கும். அன்று எனக்கு மூவர் மேலும் கோபம்.

மூன்றாம் நாள் நிவேதா தெளிவாகப் பேசினாள். நானே கேட்டேன்.

"ஏன் இத எனக்கு மாட்டி விட்ட?"

"அந்த ஸ்டடி பண்ற மேடம்தான் எங்களுக்கு வைவா, வாய்மொழிப் பரீட்சை, எடுப்பாங்கப்பா. நடக்காம உக்காந்தே இருக்கான்னு தெரிஞ்சா சோம்பேறின்னு நினைப்பாங்க. பாதிப் பேர் அப்படித்தான் பயந்தாங்க. ஒருத்தி பேண்டை ஃபேன்ல கட்டிப் பாத்தா. எனக்கு நடக்க டைம் இல்ல. ஒரு மணி நேரம் நடந்தா நாலு பக்கம் போயிடும். அம்மா உங்க வேண்டுதல் பத்திச் சொன்னாங்க. அப்பத்தான்..." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். "நடந்தா உங்க சுகர் குறையும்னு சொன்னது பொய் இல்லப்பா."

"பொய் இல்ல. காரணம் அது இல்ல."

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு பட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். அந்த மேடம் வயதில் சின்னவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். தினமும் ஒரே இடத்தில் ஒரே உயரத்துக்கு ஒரு கோடு.

"பாருங்க சார், தினம் காலைல 5.40. ஒரு நாள்கூட மிஸ் இல்ல. பெங்களூர்ல எந்த ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடன்ட் 5.40-க்கு எழுந்து நடக்கறா? பேண்ட் பழுதுன்னு நெனச்சேன், வேற ஆள்னு தோணியிருக்கணும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வைவாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது சார். எங்களுக்கு நம்பர்தான் தெரியும், யார் எந்த நம்பர்னு லிஸ்ட் வேற டிபார்ட்மென்ட்ல இருக்கு. முதல் நாளே சொன்னோம், யாரும் நம்பல. நடக்காத பசங்கதான் எங்களுக்கு ரொம்ப வேணும். அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாக்கத்தானே இந்த ஸ்டடி."

23-ஆம் எண்ணை ஆய்விலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டையைப் பெட்டியில் போட்டார்.

கோயிலுக்கு நான் ஒன்பது நாள் போகவில்லை. கந்த சஷ்டியில் காய்ச்சலோடுகூடப் போனவன் நான். பத்தாம் நாள் வாசலில் சரோஜாம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"எங்க சார் கம்ப்யூட்டரு?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"பொண்ணு?"

"வீட்ல இருக்கா."

"அப்ப எண்றதுக்கு அவரு போதும்" என்று உள்ளே கையைக் காட்டிவிட்டு, கேட்காமலே பூவை முழம் போட்டுக் கொடுத்தாள்.

சன்னதியில் நின்று முதலில் சண்டை போட்டேன். மனசுக்குள்தான். தேர்ச்சி கேட்டேன், நீ அவமானத்தைக் கொடுத்தாய் என்றேன். பிறகு பத்திரிகைப் பழக்கத்தில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவள் அந்தப் பட்டையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். ஃபேனில் கட்டியிருக்கலாம். கடையில் வேறு பட்டை வாங்கி என்னிடம் தந்திருந்தால் அதில் எண் இருந்திருக்காது. சிந்து நான் முடித்துப் போன பிறகு வந்திருக்கலாம், வேறு கோயிலுக்குப் போயிருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்காமல் அறுபத்திரண்டாவது சுற்றுக்குப் போயிருக்கலாம். என் மகள் அந்த அறையில் இன்னொரு சனிக்கிழமைவரை காத்திருந்திருப்பாள். இதில் எதையும் நான் ஏற்பாடு செய்யவில்லை. அவள் செய்த ஏமாற்று வேலையின் வழியாகவே அவளிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நான் கேட்டது அவளுடைய மார்க்கை. கிடைத்தது அவள்.

பாக்கியிருந்த நாற்பத்தேழு சுற்றை அன்று முடித்தேன். அடுத்த எட்டு நாளில் மண்டலம் நிறைவடைந்தது. பிறகும் நடப்பதை நிறுத்தவில்லை.

நிவேதா அந்த வருடத் தேர்வை எழுதவில்லை. அடுத்த வருட மாணவர்களோடு உட்கார்ந்து எழுதித் தேறினாள். இப்போது வீட்டிலிருந்தே போய்வருகிறாள். மாத்திரை இல்லை. பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கிறாள். மாலையில் அல்சூர் ஏரிக் கரையோரம் தனியாக நடக்கிறாள். அப்படி நடந்துவிட்டுப் படித்தால் நிற்கிறது என்று அவளே அம்மாவிடம் சொன்னாளாம். எண்களைத் திருப்பிச் சொல்லும் விளையாட்டைச் சிந்துவோடு விளையாடுவது என் அறைக்குக் கேட்கும். ஏழு எண்வரை சொல்கிறாள்.

இதைப் படிக்கும் அன்பர்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். தைரியமாகக் கேளுங்கள். பதில் வரும். வரும்போது அது உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். அப்போதும் அவன் கையை விடாதீர்கள். கூடவே, பிள்ளை நேற்று எத்தனை மணி நேரம் தூங்கியது என்று பிள்ளையிடமே கேளுங்கள். நான் சாமியிடம் நாற்பது நாள் பேசினேன். அவளிடம் பேசவில்லை. அவள் மேல் எனக்கிருந்த வருத்தம் முழுதாகப் போய்விட்டது என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். இன்னும் அவள் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கை தானாகத் தடவுகிறது. அதற்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முன்பு 8.9. இப்போது 6.6. அறிக்கை மேசை இழுப்பறையில் இருக்கிறது. நிவேதாவிடம் இன்னும் காட்டவில்லை.